புகையோடு போன பலத்தைப் பிடித்தவர்

ஆல்ஃப்ரெட் பியூக்கி (1879 – 1959)

(இயந்திரப் பொறியியல் துறையின் பழைய மாணவர் ஒருவர்)

'டர்போ' என்ற சொல்லுக்கு நம்ம ஊரில் அறிமுகமே தேவையில்லை. லாரியின் நெற்றியில் எழுதியிருக்கிறது. காரின் பின்புறம் பளபளக்கிறது. மூச்சு விடாமல் பாடம் நடத்துகிற பேராசிரியருக்குக்கூட மாணவர்கள் அந்தப் பட்டத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். ஆனால் அதைக் கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டால், மெக்கானிக்கல் படித்தவர்களே கொஞ்சம் தலையைச் சொறிவார்கள். டீசல் எஞ்சினைக் கண்டுபிடித்தவர் பெயரை அந்த எஞ்சினே தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறது. ஆல்ஃப்ரெட் பியூக்கிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. எஞ்சின் கட்டுகிறவர்கள் மத்தியில் அவர் பெயர் பிரசித்தம். அந்த வட்டத்தைத் தாண்டிவிட்டால் அவருடைய பொருள்தான் பிரசித்தம்.

அவருடைய கதையை இந்த மலரில் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. 26 வயதில் அவருக்கு யோசனை வந்தது. அது உருப்படியாக வேலை செய்தபோது வயது 46. நடுவிலே இருந்த இருபது வருஷத்தில் அவர் என்ன செய்தார் என்பதுதான் கதை.

விண்டர்தூர் பையன்

சுவிட்சர்லாந்தில் சூரிச் நகருக்குப் பக்கத்தில் விண்டர்தூர் என்று ஒரு தொழில் நகரம். அங்கே 1879 ஜூலை 11ஆம் தேதி பியூக்கி பிறந்தார். அந்த ஊரின் பெரிய கம்பெனி சுல்சர். அப்பா அந்த கம்பெனியில் உயர்ந்த பொறுப்பில் இருந்தவர். ஆகவே நம்ம பையனுக்கு வார்ப்படச் சாலைச் சத்தம் தாலாட்டு மாதிரி. இதிலே ஒரு பொருத்தம் பாருங்கள். பியூக்கி பிறந்த அதே 1879ஆம் வருஷம், ஒரு ஜெர்மன் மாணவர் டைஃபாய்டு வந்து பரீட்சையைத் தவறவிட்டு, அடுத்த பரீட்சை வரும்வரை தொழில் பழகலாம் என்று சுல்சர் பட்டறைக்கு வந்து சேர்ந்தார். அவர்தான் ருடால்ஃப் டீசல். பிற்காலத்தில் அவர் செய்த எஞ்சினுக்குத்தான் இந்தக் குழந்தை வளர்ந்து மூச்சு கொடுக்கப் போகிறது!

1899இல் பியூக்கி சூரிச் பாலிடெக்னிக்கில் இயந்திரப் பொறியியல் சேர்ந்தார். இன்று ஈ.டி.எச். என்று உலகமே கொண்டாடுகிற கல்லூரி அது. அதே வளாகத்தில் கணிதமும் இயற்பியலும் படித்துக்கொண்டிருந்த இன்னொரு மாணவர் ஐன்ஸ்டைன். அவரும் 1879இல் பிறந்தவர். ஐன்ஸ்டைன் 1900இல் படிப்பை முடித்தார், பியூக்கி 1903இல். 1905ஆம் வருஷத்தை ஐன்ஸ்டைனின் அற்புத ஆண்டு என்று எல்லோரும் சொல்வார்கள். அதே ஆண்டு நவம்பரில், அதே கல்லூரியின் இன்னொரு பழைய மாணவர் செய்த காரியத்தை யாரும் கொண்டாடவில்லை. இரண்டின் பலனையும் நாம் இன்றைக்கும் அனுபவித்துக்கொண்டிருக்கிறோம்.

மூன்றில் ஒரு பங்கு

பட்டம் வாங்கின கையோடு பியூக்கி பெல்ஜியத்துக்கும் இங்கிலாந்துக்கும் போய் எஞ்சின் கம்பெனிகளில் வேலை பார்த்தார். அங்கேதான் ஒரு கணக்கு அவர் மனதை உறுத்த ஆரம்பித்தது. எஞ்சினுக்குள் ஊற்றுகிற எரிபொருளின் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புகைக்குழாய் வழியாகச் சூடாக வெளியே போய்விடுகிறது. இன்னொரு பெரிய பங்கைக் குளிர்விக்கும் தண்ணீர் கொண்டுபோகிறது. மிச்சம்தான் சக்கரத்துக்கு. சோறு வடித்த கஞ்சியைச் சாக்கடையில் ஊற்றுகிற வீடு மாதிரி! இந்த வீண் செலவு எல்லா எஞ்சினியர்களுக்கும் தெரியும். பியூக்கிக்குத் தெரிந்ததோடு தூக்கமும் கெட்டது.

எஞ்சினுக்கு அதிகக் காற்றை அழுத்திக் கொடுத்தால் அதிக பலம் கிடைக்கும் என்பது புதிய விஷயம் அல்ல. டெய்ம்லர் 1885இலேயே அதை எழுதி வைத்தார். டீசலும் முயன்று பார்த்தார். ஆனால் அவர்கள் காற்றை அழுத்துகிற பம்பை எஞ்சினின் பலத்தைக் கொண்டே ஓட்டினார்கள். வலது பையிலிருந்து எடுத்து இடது பையில் போடுகிற வேலை அது.

பியூக்கி கேட்ட கேள்வி வேறு. வீணாகப் போகிற புகையே அந்த பம்பை ஓட்டினால் என்ன? வெளியே போகிற சூடான புகை ஒரு டர்பைன் சக்கரத்தைச் சுற்றட்டும். அதே ஷாஃப்டின் மறுமுனையில் ஒரு கம்ப்ரெஸர் சக்கரம். அது வெளிக்காற்றை இழுத்து, அழுத்தி, சிலிண்டருக்குள் அனுப்பட்டும். அதிகக் காற்று போனால் அதிக எரிபொருளை எரிக்கலாம். அதிகம் எரிந்தால் அதிகப் புகை. அதிகப் புகை வந்தால் டர்பைன் இன்னும் வேகமாகச் சுற்றும். 1905 நவம்பர் 16ஆம் தேதியிட்டு ஜெர்மன் பேடன்ட் அலுவலகத்தில் இந்த யோசனை 204630 என்ற எண்ணில் பதிவானது.

காகிதத்தில் பிரமாதம். இனிமேல்தான் வில்லங்கம்.

இழுக்காத எஞ்சின்

ஊர் திரும்பிய பியூக்கி சுல்சரில் டீசல் ஆராய்ச்சிப் பொறுப்பை ஏற்றார். 1911 முதல் அங்கே சோதனைகள் நடந்தன. 1915 வாக்கில் ஒரு மாதிரி எஞ்சின் ஓடியது. ஓடியது என்றுதான் சொல்ல வேண்டும், எதிர்பார்த்தபடி இழுக்கவில்லை. போதுமான அழுத்தம் நிற்கவே இல்லை.

ஏன்? இரண்டு காரணம். முதலாவது, அந்தக் காலத்து டர்பைனும் கம்ப்ரெஸரும் சுமாரான பண்டங்கள். ஓர் உதாரணத்துக்கு, டர்பைன் தனக்கு வந்த சக்தியில் பாதியைத்தான் ஷாஃப்டுக்குத் தருகிறது என்று வையுங்கள். கம்ப்ரெஸர் அதில் பாதியைத்தான் காற்றுக்குத் தருகிறது. பாதியில் பாதி, கால். புகை கொடுத்ததில் முக்கால்வாசி இடையிலேயே கரைந்துவிட்டது.

இரண்டாவது காரணம் இன்னும் நுணுக்கமானது. புகைக்குழாயில் டர்பைன் ஒரு தடுப்புச் சுவர் மாதிரி நிற்கிறது. புகை அதைத் தாண்டிப் போக, பிஸ்டன் கூடுதலாகத் தள்ள வேண்டியிருக்கிறது. உள்ளே வருகிற காற்றின் அழுத்தத்தைவிட வெளியே போகிற புகையின் எதிரழுத்தம் அதிகமாகிவிட்டால், எஞ்சின் தன் பலத்தைச் செலவழித்து டர்போவை ஓட்டுகிறது என்று அர்த்தம். அப்புறம் வலது பை, இடது பை கதைதான்!

முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த நேரம். ஃப்ரான்ஸில் ராட்டோ விமான எஞ்சினுக்கு இதே உத்தியைக் கையாண்டார். அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியின் சான்ஃபர்ட் மாஸ் 1918இல் ஒரு லிபர்டி விமான எஞ்சினை லாரியில் ஏற்றி, கொலராடோவில் 14,000 அடிக்கு மேல் உயரமுள்ள பைக்ஸ் பீக் மலை உச்சிக்கே கொண்டுபோனார். காற்று மெலிந்த அந்த உயரத்திலும் தரைமட்டத்தில் கிடைக்கிற சுமார் 350 குதிரைத்திறனை டர்போ மீட்டுக் கொடுத்தது. மலை உச்சியில் இழந்ததை மீட்பது ஒரு சாதனை. ஆனால் பியூக்கி கேட்டது அதைவிட அதிகம். தரைமட்டத்திலேயே, ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓட வேண்டிய எஞ்சினுக்கு, செலவில்லாத கூடுதல் பலம்.

அழுத்தத்தை விட்டார், மூச்சைப் பிடித்தார்

நம்மில் யாராக இருந்தாலும் அடுத்து என்ன செய்திருப்போம்? இன்னும் பெரிய டர்பைன், இன்னும் அதிக அழுத்தம் என்று போயிருப்போம். பியூக்கி எதிர்த்திசையில் போனார். எஞ்சின் எப்படி மூச்சு விடுகிறது என்று உட்கார்ந்து கவனித்தார்.

புகை சிலிண்டரிலிருந்து ஆறு மாதிரி ஒரே சீராக வருவதில்லை. வால்வு திறக்கிற ஒவ்வொரு தடவையும் ஒரு வீச்சு. அப்புறம் ஒரு தணிவு. நாடித்துடிப்பு மாதிரி. எல்லா சிலிண்டர்களின் புகையையும் ஒரே பெரிய குழாயில் கலந்துவிட்டால் அந்த வீச்செல்லாம் ஒன்றோடொன்று மோதிச் செத்துப்போகிறது. அதைவிட மோசம், ஒரு சிலிண்டர் அப்போதுதான் காலியாகிக்கொண்டிருக்கும்போது பக்கத்து சிலிண்டரின் வீச்சு திரும்பி வந்து அதன் வாயை அடைக்கிறது.

1925இல் அவர் எடுத்த பேடன்ட் இதற்குப் பதில் சொன்னது. சிலிண்டர்களை வரிசைக்கிரமம் பார்த்துக் குழுவாகப் பிரி. ஒவ்வொரு குழுவுக்கும் தனித்தனியாக, ஒடுக்கமான குழாய் போட்டு டர்பைன் வரை கொண்டுபோ. ஆறு சிலிண்டர் எஞ்சின் 1-5-3-6-2-4 என்ற வரிசையில் எரிகிறது என்று வைத்துக்கொள்வோம். 1, 2, 3 ஒரு குழாய். 4, 5, 6 இன்னொரு குழாய். ஒரே குழாயில் வரும் இரண்டு வீச்சுகளுக்கு நடுவே கிராங்க் 240 டிகிரி சுற்றிவிடும். மோதலே இல்லை. ஒவ்வொரு வீச்சும் முழு வேகத்தோடு டர்பைனை அறையும்.

இதிலே இன்னொரு லாபம் ஒளிந்திருந்தது. ஒரு வீச்சு போய் அடுத்தது வருவதற்குள் குழாயில் அழுத்தம் தணிகிறதல்லவா? அந்தச் சின்ன இடைவெளியில் உள்வரும் வால்வையும் வெளிப்போகும் வால்வையும் சேர்த்தே திறந்து வைத்தார். பழைய புகையைக் கூட்டித் தள்ளிக்கொண்டு புதுக்காற்று சிலிண்டருக்குள் வீசியது. கூடவே பிஸ்டன் தலை, வால்வு, டர்பைன் இதழ் எல்லாவற்றையும் குளிர்வித்தது. டீசல் எஞ்சினில் உள்ளே வருவது வெறும் காற்றுதான். எண்ணெய் அப்புறம்தான் தெளிக்கப்படுகிறது. ஆகவே கொஞ்சம் காற்று புகைக்குழாயில் நழுவினாலும் நஷ்டமில்லை.

அழுத்தம் என்னவோ மிதமானதுதான். அந்த மிதமான அழுத்தம் சரியான கணத்தில், சரியான குழாயில் போனது. பத்து வருஷம் முன்பு இழுக்காமல் அடம் பிடித்த யோசனை இப்போது இழுத்தது.

இரண்டு கப்பல்கள்

நிரூபணம் கடலில் நடந்தது. பால்டிக் கடலில் பயணிகளை ஏற்றிச் செல்ல ஜெர்மன் போக்குவரத்து அமைச்சகம் இரண்டு கப்பல்களுக்கு ஆர்டர் கொடுத்திருந்தது. 'ப்ராய்சன்', 'ஹன்ஸஸ்டாட் டான்சிக்' என்று பெயர். அவற்றின் பத்து சிலிண்டர் டீசல் எஞ்சின்களில் பியூக்கியின் மேற்பார்வையில் டர்போ பொருத்தப்பட்டது. டர்போ இல்லாமல் 1,750 குதிரைத்திறன் தரும் எஞ்சின், 2,500 தந்தது. நாற்பது சதவீதத்துக்கு மேல் அதிகம்! அதே இரும்பு, அதே சிலிண்டர்கள், அதே எஞ்சின் அறை. 1926இல் கப்பல்கள் ஓட ஆரம்பித்ததும் கடல் துறையே திரும்பிப் பார்த்தது. பயணிக்கும் சரக்குக்கும் இருக்கிற இடத்தை எஞ்சின் அடைத்துக்கொள்வதுதானே கப்பல் முதலாளியின் கவலை? அந்தக் கவலைக்கு மருந்து கிடைத்துவிட்டது.

அந்த இரண்டு கப்பல்களின் முடிவு சோகமானது. 1941 ஜூலை 9ஆம் தேதி, இரண்டாம் உலகப்போரின்போது, ஸ்வீடனின் ஓலண்ட் தீவுக்கருகே கண்ணிவெடிகளில் மோதி இரண்டும் ஒரே நாளில் மூழ்கின. ஆனால் அவை நிரூபித்த விஷயம் மூழ்கவில்லை.

மூன்று பேர் கூட்டணி

பியூக்கி புத்திசாலி மட்டுமல்ல, நிதானமான மனிதரும்கூட. எல்லாவற்றையும் தானே செய்வேன் என்று அவர் நிற்கவில்லை. 1926இல் 'பியூக்கி சிண்டிகேட்' என்ற பெயரில் ஒரு கூட்டணி உருவானது. பாடன் நகரத்து பிரவுன் போவரி கம்பெனி டர்போ செய்யும். நீராவி டர்பைனில் பழகின கை அது. விண்டர்தூரின் எஸ்.எல்.எம். லோகோமோட்டிவ் கம்பெனி சோதனைக்கு எஞ்சின் கொடுக்கும். பொறியியலையும், லைசென்ஸ் கேட்டு வருகிறவர்களையும் பியூக்கி பார்த்துக்கொள்வார். எந்த எஞ்சினுக்கு எந்த டர்பைன், எந்த கேம், எத்தனை குழாய் என்று பொருத்தம் பார்ப்பதே அவருடைய முழுநேர வேலை ஆனது. ஜாதகப் பொருத்தம் மாதிரிதான். இரண்டு பக்கமும் தனித்தனியே நல்லவர்களாக இருந்தால் மட்டும் போதாது!

கப்பலிலிருந்து மின் நிலையத்துக்கு, அங்கிருந்து ரயிலுக்கு, 1938இல் சுவிஸ் கம்பெனியான சௌரர் மூலம் லாரிக்கு என்று டர்போ பரவியது. நம்ம ரயில்களுக்கும் வந்தது. 1962 முதல் இந்தியாவில் ஓடிய டபிள்யூ.டி.எம்.-2 எஞ்சினை மூத்த தலைமுறை மறந்திருக்காது. 16 சிலிண்டர், டர்போவோடு 2,600 குதிரைத்திறன். ஈரோடு ஷெட்டில் இவை வரிசையாக நிற்கும். ரயில் புறப்படும்போது கரும்புகை குபுகுபுவென்று வானத்துக்குப் போகுமே, ஞாபகம் இருக்கிறதா? டிரைவர் நாட்சை உயர்த்தியதும் எண்ணெய் உடனே பாய்ந்துவிடும். டர்போ சக்கரம் வேகம் பிடித்துக் காற்றைக் கொடுக்கச் சில விநாடி ஆகும். அந்த இடைவெளியில் எரியாத எண்ணெய்தான் அந்தக் கரும்புகை. பாடப்புத்தகத்தில் 'டர்போ லேக்' என்று இரண்டு பத்தி வரும். நம்ம ஆட்கள் அதை பிளாட்ஃபாரத்தில் இலவசமாகப் பார்த்திருக்கிறார்கள்.

1959 அக்டோபர் 27ஆம் தேதி, பிறந்த ஊரான விண்டர்தூரிலேயே பியூக்கி காலமானார். வயது 80.

காருக்கு வந்த கதை

அவர் கண்ணை மூடி மூன்று வருஷத்தில், 1962இல், அமெரிக்காவில் இரண்டு டர்போ கார்கள் கடைக்கு வந்தன. செவர்லே கோர்வேர் ஸ்பைடர் ஒன்று. ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர் இன்னொன்று. இங்கேதான் பியூக்கி விட்ட இடத்திலிருந்து அவருடைய கேள்வி மறுபடியும் எழுந்தது.

கப்பல் எஞ்சின் நாள் முழுக்க ஏறக்குறைய ஒரே வேகத்தில் ஓடுகிறது. டர்போவை அந்த ஒரு புள்ளிக்குப் பொருத்திவிட்டால் வேலை முடிந்தது. கார் அப்படியா? சிக்னலில் 800 ஆர்.பி.எம்., நெடுஞ்சாலையில் 3,000, முந்தும்போது 5,500. கீழே புகை கொஞ்சம், டர்பைன் தூங்குகிறது. மேலே புகை ஏராளம்; டர்பைன் தலைதெறிக்க ஓடுகிறது. எஞ்சின் மனசு வைத்து இழுக்கிற ஆர்.பி.எம். எல்லைக்குத்தான் 'பவர் பேண்ட்' என்று பெயர். பெரிய டர்பைன் போட்டால் உச்சியில் பலம் கொட்டும், ஆனால் பவர் பேண்ட் மேலே போய்ச் சுருங்கிவிடும். சின்ன டர்பைன் போட்டால் சீக்கிரம் விழித்துக்கொள்ளும், ஆனால் உச்சியில் மூச்சு முட்டும்.

பெட்ரோல் எஞ்சினில் இன்னொரு வம்பு நாக்கிங். டீசலுக்கு அழுத்தின காற்று எவ்வளவு கொடுத்தாலும் சந்தோஷம். பெட்ரோல் கலவையோ சூடும் அழுத்தமும் கூடினால் ஸ்பார்க் சொல்வதற்கு முன்பே தானாக வெடிக்கும். பிஸ்டன் ஓட்டையாகும். ஜெட்ஃபயர் கம்ப்ரெஷன் ரேஷியோவை 10.25 என்று உயரத்திலேயே வைத்துக்கொண்டு, நாக்கிங்கைத் தடுக்கத் தண்ணீரும் ஆல்கஹாலும் கலந்த ஒரு திரவத்தைத் தெளித்தது. அந்தத் தொட்டியை நிரப்ப மறந்த சொந்தக்காரர்கள் நிறைய. தொட்டி காலியானால் டர்போ ஒதுங்கிக்கொள்ளும். இரண்டு வருஷத்தில் கார் நின்றுபோனது.

ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். வெளியே 30 டிகிரி காற்று. பூஸ்ட் அரை பார். அதாவது காற்றின் அழுத்தம் ஒன்றரை மடங்கு. கம்ப்ரெஸரின் திறன் 70 சதவீதம் என்றால் காற்று ஐம்பது டிகிரிக்கு மேல் சூடேறி 80ஐத் தாண்டும். சூடான காற்று விரியும். ஆகவே சிலிண்டருக்குள் போகிற காற்று ஒன்றரை மடங்கு அல்ல, சுமார் 1.28 மடங்குதான். இடையில் ஒரு இன்டர்கூலர் வைத்து 50 டிகிரிக்கு இறக்கினால் 1.4 மடங்கு. பூஸ்ட்டை ஒரு மயிரிழைகூட ஏற்றாமலே லாபம்!

இந்தக் கணக்கையெல்லாம் நிதானமாகப் போட்டவர்கள் ஸ்வீடனின் சாப் கம்பெனிக்காரர்கள். 1977இல் காட்சிக்கு வந்து 1978இல் விற்பனைக்கு வந்த சாப் 99 டர்போ, மிதமான பூஸ்ட் எஞ்சினுக்குப் பாடப்புத்தக உதாரணம். 1,985 சிசி. டர்போ இல்லாத இன்ஜெக்ஷன் எஞ்சின் 118 குதிரைத்திறன் தந்தது, டர்போ 145. பூஸ்ட் சுமார் 0.7 பார். கம்ப்ரெஷன் ரேஷியோவை 7.2க்கு இறக்கினார்கள். கேட்டால், இவ்வளவு பாடுபட்டு 27 குதிரைதானா என்று தோன்றும். விஷயம் அங்கே இல்லை. அவர்கள் வேண்டுமென்றே சின்ன டர்பைனைத் தேர்ந்தெடுத்தார்கள். 3,000 ஆர்.பி.எம்.மிலேயே உச்ச டார்க் கைக்கு வந்தது. அதற்கு மேல் புகை அதிகமானால், வேஸ்ட்கேட் என்ற கதவு திறந்து மிச்சத்தை டர்பைனைத் தொடாமலே வெளியே விட்டது. மனிதர்கள் தினமும் ஓட்டுகிற ஆர்.பி.எம்.மில் பலம் வேண்டும் என்று முடிவு செய்தார்கள். விளம்பரத்தில் போடுகிற உச்ச எண்ணை விட்டுக்கொடுத்தார்கள். பியூக்கி பார்த்திருந்தால் தட்டிக் கொடுத்திருப்பார்.

பழைய டர்போ கார்களைப் பராமரிக்கிறவர்கள் இன்றும் உண்டு. அவர்களில் சிலர் முதலில் கை வைப்பது பூஸ்ட் திருகில். 0.7ஐ 1.0 ஆக்கினால் வண்டி பறக்கும் என்று நினைப்பு. பறக்கும்தான், சில நாளைக்கு! சரியான வரிசை வேறு. முதலில் வால்வு, ரிங் எல்லாம் நல்ல நிலையில் இருக்கிறதா என்று கம்ப்ரெஷன் டெஸ்ட். அடுத்து, பூஸ்ட் ஏறும்போது பெட்ரோல் போதுமா, கலவை வற்றுகிறதா என்ற பரிசோதனை. அடுத்து, பூஸ்ட்டோடு சேர்ந்து இக்னிஷன் டைமிங் பின்வாங்குகிறதா என்பது. அடுத்து, காற்றைக் குளிர்விக்க வழி. கடைசியில்தான், தேவைப்பட்டால் மட்டும், பூஸ்ட். நல்ல ட்யூனிங் என்பது எஞ்சின் எங்கே மூச்சு முட்டுகிறது என்று முதலில் கேட்பது. அழுத்தம் என்பது கடைசிப் பேச்சு.

பியூக்கி திரும்பி வந்தார்

இரண்டு வால்வையும் சேர்த்துத் திறந்து காற்றால் கூட்டித் தள்ளும் பியூக்கியின் உத்தி பழைய பெட்ரோல் எஞ்சினுக்கு ஆகவில்லை. உள்ளே வருவது பெட்ரோல் கலந்த காற்று. நழுவினால் காசு நழுவுகிறது என்று அர்த்தம். ஆகவே அந்தக் காலத்து டர்போ கார்களில் இந்த இடைவெளியைச் சுருக்கியே வைத்தார்கள். பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள் தெளிக்கும் எஞ்சின்கள் வந்ததும் கதை மாறியது. உள்ளே வருவது மறுபடியும் வெறும் காற்று. குறைந்த ஆர்.பி.எம்.மில் இரண்டு வால்வையும் சேர்த்துத் திறந்து, சிலிண்டரைச் சுத்தமாகக் கழுவி, டர்போவைச் சீக்கிரம் எழுப்புகிறார்கள். இன்றைய சின்ன டர்போ கார்கள் 2,000 ஆர்.பி.எம்.முக்குள்ளேயே முழு டார்க் தருவதற்கு இதுவும் ஒரு காரணம். 'ட்வின் ஸ்க்ரோல்' என்று இப்போது விளம்பரம் செய்கிறார்களே, அது என்ன? சிலிண்டர்களைக் குழுவாகப் பிரித்துத் தனித்தனிப் பாதையில் டர்பைனுக்கு அனுப்புவது. 1925ஆம் வருஷத்துச் சரக்கு!

படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. ப்ராஜெக்ட் ஒரு செமஸ்டரில் ஓடவில்லை என்றால் உங்கள் முகம் வாடிப்போகிறது. பியூக்கியின் ப்ராஜெக்டுக்கு நாற்பது செமஸ்டர் ஆனது. அந்த நாற்பதிலும் அவர் ஒரே கதவை முட்டிக்கொண்டிருக்கவில்லை. இழுக்காத எஞ்சினைத் திட்டாமல், அது ஏன் இழுக்கவில்லை என்று கேட்டார். பதில் தேடியது டர்பைனில். கிடைத்தது குழாயிலும் வால்விலும். மூத்தவர்களாகிய எங்களுக்கும் இதில் பாடம் உண்டு. எல்லாவற்றையும் தானே செய்யாமல், செய்யத் தெரிந்தவர்கள் கையில் வேலையைக் கொடுத்ததால்தான் அவர் பொருள் உலகம் முழுக்கப் போனது.

அடுத்த தடவை ஆறு சிலிண்டர் டர்போ டீசல் லாரி எங்கேயாவது பானெட்டைத் திறந்துகொண்டு நின்றால் ஒரு நிமிஷம் நில்லுங்கள். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைப் பாருங்கள். முன் மூன்று சிலிண்டர் ஒரு பாதையாகவும் பின் மூன்று இன்னொரு பாதையாகவும் வந்து, டர்போவின் வாயில் நடுவே ஒரு தடுப்போடு சேர்வது பெரும்பாலும் தெரியும். மெக்கானிக்கிடம் அது ஏன் அப்படி என்று கேட்டுப் பாருங்கள். அவருக்குத் தெரிந்தால் சந்தோஷம். தெரியாவிட்டால் நீங்கள் சொல்லுங்கள். பேரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.